மாடி பாத்ரூமும் 3 இஞ்ச் பைப்பும்

(ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் வேலை, காதல், கடன் எல்லாத்துக்கும் லீவு. ஒரு பைப்பைப் பத்திப் பேசப் போறேன். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க கொஞ்சம் தள்ளி வச்சிட்டு அப்புறமா கேளுங்க.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் மாடி போர்ஷன்ல குடியிருந்தவங்களுக்கு நான் சொல்ற வீடு உடனே கண்ணுக்குத் தெரியும். கீழே ஒரு குடும்பம். வெளிப்பக்கமா ஏறுற படிக்கட்டு. மேல ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு பாத்ரூம். பாத்ரூம்னா குளிக்க மட்டும்தான். டாய்லெட் கீழே, படிக்கட்டுக்கு அடியிலயோ பின்பக்கச் சுவரை ஒட்டியோ இருக்கும். பேச்சிலரா இருந்தா "பரவாயில்ல, வாடகை கம்மி"ன்னு சமாளிச்சிருப்பீங்க. ராத்திரி 2 மணிக்கு மழையில அந்தப் படி இறங்கினதும் ஞாபகம் இருக்கும்.

ஏன் இப்படிக் கட்டினாங்க? பாதி காரணம் மனசு. எங்க தாத்தா தலைமுறைக்கு சமைக்கிற, சாமி கும்பிடுற வீட்டுக்குள்ள கக்கூஸ் இருக்குறதே ஒத்துக்காத விஷயம். மீதி காரணம் பைப். குளிக்கிற தண்ணியை எங்க வேணாலும் ஒரு 3 இஞ்ச் பைப் போட்டு இறக்கிடலாம். தெருப்பக்கம் விடலாம், தென்னை மரத்துக்கு விடலாம். டாய்லெட்டை அப்படி விட முடியாது. அது செப்டிக் டேங்குக்குப் போகணும், டேங்க் வீட்டுக்குப் பின்னாடி, பாத்ரூம் வீட்டுக்கு முன்னாடி. அதனால "மேல குளிச்சிக்கோ, கீழ போய்க்கோ"ன்னு கட்டி முடிச்சிட்டாங்க.

எங்க வீடு கோவில்பதாகைல இருக்கு. ஆவடி ஸ்டேஷன்ல இறங்கி வடக்கே வரணும். அரை கிரவுண்டு மனை. 2015 வெள்ளத்துல கீழ் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ திரும்பவும் வந்துச்சு. அதோட அப்பா ஒரு முடிவு எடுத்தார்: ஆயாவோட கட்டிலை மாடிக்குக் கொண்டு போயாச்சு. கட்டில் மேல போச்சு, டாய்லெட் கீழேயே நின்னுடுச்சு. நடுவுல 19 படி.

ஆயாவுக்கு 78 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. இந்தப் பிரச்சினையை அவங்க தனக்குத் தானே தீர்த்துக்கிட்டாங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல. நீர்க்கடுப்புன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ அவர் ஒவ்வொண்ணா கேட்டுத்தான் அது வெளியே வந்துச்சு. "ராவுல எழுந்து இறங்கி ஏறணுமே கண்ணு"ன்னு சாதாரணமா சொல்றாங்க. பஸ் பயணம், ஸ்கூல், ஆபீஸ்னு எத்தனையோ இடத்துல நம்ம ஊர்ப் பொண்ணுங்க பண்ற அதே கணக்குதான் இது. வீட்டுக்குள்ளயே அதைப் பண்ண வேண்டி வந்ததுதான் எனக்கு ஆறல.

சரி, மாடி பாத்ரூம்ல ஒரு டாய்லெட் வச்சிடலாம்னு பிளம்பரைக் கூப்பிட்டோம். ஒருத்தர் இல்ல, வரிசையா மூணு பேர்.

முதல்ல வந்தவர் அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டார். "ஏற்கெனவே பைப் இறங்குதே, அதுலயே ஜாயின்ட் போட்டுடலாம், ஒரு நாள் வேலை." ரெண்டாவது ஆள் இன்னும் வேகம். "தெருவுல மழைத்தண்ணி கால்வாய் போகுது பாரு, அதுல விட்டுடு, எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க." மூணாவதா வந்தவர் எதுவும் சொல்லாம ஒரு ரசமட்டமும், தண்ணி நிரப்பின டியூபும் எடுத்துக்கிட்டு பின்பக்கம் போய் செப்டிக் டேங்க் மூடி எங்கேன்னு கேட்டார். அவருக்குத்தான் வேலை கொடுத்தோம்.

ஏன் 3 இஞ்ச் பைப்புல சேர்க்கக் கூடாது? அளவு சின்னது, அடைச்சுக்கும், அது எல்லாருக்கும் புரியும். டாய்லெட் பைப் குறைஞ்சது 4 இஞ்ச், கடையில கேட்டா 110 எம்எம்னு கொடுப்பாங்க. 3 இஞ்ச் என்பது 75 எம்எம். ஆனா அடைப்பைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது.

உங்க பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்டையைப் பாருங்க. அதுக்குக் கீழ ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். பிளம்பர்கள் நானி ட்ராப்னு சொல்லுவாங்க. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும். அந்தத் தண்ணிதான் கதவு. 50 மில்லிமீட்டர், அதாவது 2 இஞ்ச் ஆழத் தண்ணி. அந்தப் பக்கம் சாக்கடை வாயு, இந்தப் பக்கம் நாம. கமோடுக்குள்ள தெரியிற தண்ணியும் அதே வேலைதான் செய்யுது. இந்த வளைஞ்ச குழாய் யோசனைக்கு லண்டன்ல கடிகாரம் செஞ்சுக்கிட்டிருந்த அலெக்சாண்டர் கமிங் என்கிறவர் 1775ல காப்புரிமை வாங்கினார். 250 வருஷமா அதைவிட நல்ல கதவை யாரும் கண்டுபிடிக்கல. மலிவு, ரிப்பேர் இல்ல, கரென்ட் வேண்டாம்.

இப்போ அந்த 3 இஞ்ச் பைப்புல கமோடையும் சேர்த்துட்டோம்னு வைங்க. பிளஷ் பண்ணினா தண்ணி மொத்தமா பைப்பை அடைச்சிக்கிட்டு இறங்கும். இறங்கும்போது பின்னாடி இருக்குற காத்தை இழுக்கும். காத்து கிடைக்கலன்னா எதை இழுக்கும்? பக்கத்துல இருக்குற நானி ட்ராப் தண்ணியை. பைக்ல டியூப் விட்டு பெட்ரோல் உறிஞ்சி எடுக்குறதைப் பார்த்திருப்பீங்களே, அதே கதைதான். ஒவ்வொரு தடவை பிளஷ் பண்ணும்போதும் "களக் களக்"னு ஒரு சத்தம் வந்தா, உங்க வீட்டுக் கதவுத் தண்ணி காலியாகுதுன்னு அர்த்தம். அப்புறம் நாத்தம், கரப்பான், கொசு. ஊதுபத்தி ஏத்தி வச்சு என்ன பிரயோஜனம்?

இது வெறும் நாத்தத்தோட நிக்கிற விஷயமும் இல்ல. 2003 மார்ச்ல ஹாங்காங்ல சார்ஸ் பரவினப்போ அமாய் கார்டன்ஸ்னு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல மட்டும் 300 பேருக்கு மேல நோய் வந்துச்சு. ஒரே பிளாக்ல நிறைய பேர், அதுவும் மேலயும் கீழயும் இருக்குற வீடுகள்ல. அரசாங்கம் விசாரிச்சப்போ கை காட்டினது பாத்ரூம் தரை ட்ராப்பை. மக்கள் தரையைத் தண்ணி ஊத்திக் கழுவாம மாப் போட்டுத் துடைச்சதால பல வீட்டு ட்ராப் காஞ்சு கிடந்திருக்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் கழிவுக் குழாய்க் காத்து நேரா பாத்ரூமுக்குள்ள வந்திருக்கு. நம்ம வீட்டுல தினமும் பக்கெட் தண்ணி ஊத்துறதால இந்த ஆபத்து குறைவு. ஆனா மே மாசம் ஒரு மாசம் ஊருக்குப் போறீங்கன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி ட்ராப்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்க. எண்ணெய் மேல மிதக்கும், தண்ணி சீக்கிரம் ஆவியாகாது.

ஆக டாய்லெட்டுக்குத் தனி 4 இஞ்ச் பைப் வேணும். சரி. அடுத்த கேள்வி, அந்தப் பைப் பாத்ரூமை விட்டு எந்த வழியா வெளியே வரும்?

புதுசா வீடு கட்டுறவங்க பாத்ரூம் தளத்தை மட்டும் முக்கால் அடி, ஒரு அடி இறக்கிப் போடுவாங்க. சங்கன் ஸ்லாப்னு பேரு. அந்தப் பள்ளத்துக்குள்ள பைப் போகும், மேல நிரப்பி டைல்ஸ் போடுவாங்க. எங்க மாடி பாத்ரூம் குளிக்க மட்டும்தானேன்னு தளம் ஒரே மட்டத்துல போட்டிருக்கு. கீழ பள்ளம் இல்ல, நேரா கீழ் வீட்டு சீலிங். இந்தியன் டாய்லெட், அதாவது கடையில ஒரிசா பேன்னு கேட்டு வாங்குறது வைக்கணும்னா பேனும் அதோட வளைவும் தரைக்குக் கீழ உக்காரணும். அப்படின்னா தரையை ஒரு அடி உசத்தணும். நிறைய வீட்டுல இப்படித்தான் பண்றாங்க. பாத்ரூமுக்குள்ள போய் ரெண்டு படி ஏறி சிம்மாசனம் மாதிரி உக்காருற டாய்லெட் பார்த்திருப்பீங்க.

அந்த ஒரு அடிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எங்க பாத்ரூம் 5க்கு 4, 20 சதுர அடி. ஒரு அடி உயரம் உடைசெங்கல்லும் கலவையும் நிரப்பினா 20 கன அடி. கிட்டத்தட்ட ஒரு டன் வரும். பழைய தளத்து மேல, கம்பி எவ்வளவு போட்டிருக்காங்கன்னே தெரியாத ஸ்லாப் மேல, ஒரு டன். அது ஈரம் குடிச்சா இன்னும் கூடும். அதைவிட முக்கியம், முட்டி தேஞ்ச ஆயாவுக்காகக் கட்டுற டாய்லெட்ல ஈரத் தரையில ரெண்டு படி வைக்கிறது. 19 படியை மிச்சம் பிடிச்சு, வழுக்குற ரெண்டு படியைக் கொடுக்கிற மாதிரி.

இன்னொரு வழி, ஸ்லாப்பை ஓட்டை போட்டு கீழ் வீட்டு சீலிங் ஓரமா பைப்பைத் தொங்க விட்டு எடுத்துட்டுப் போறது. வெஸ்டர்ன் கமோடுல எஸ்-ட்ராப்னு ஒரு வகை இருக்கு, அதுல கழிவு நேரா கீழ இறங்கும், அதுக்கு இந்த வழிதான். எங்க பாத்ரூமுக்குக் கீழ இருக்குறது சமையலறை. ஜாயின்ட் ஒண்ணு கசிஞ்சா எங்க சொட்டும்னு நான் விளக்க வேண்டியதில்ல.

நாங்க எடுத்தது மூணாவது வழி, பி-ட்ராப். இந்த வகை கமோடுல கழிவு பின்பக்கமா, படுக்கை வாட்டுல வெளியே வரும். அந்த வாயோட நடுப்பகுதி தரையில இருந்து சுமார் 7 இஞ்ச் உயரத்துல இருக்கும். அப்போ தரையைத் தொடவே வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி கமோடை வச்சு, சுவர்ல ஒரு ஓட்டை, பைப் நேரா வெளியே போய் சுவரோரமா இறங்கிடும். கசிஞ்சாலும் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். சுவர்ல மாட்டுற கமோடும் இதே மாதிரி பின்பக்கம்தான் போகும். பார்க்க அழகு, கூட்டித் துடைக்க சுலபம். ஆனா அதோட இரும்பு ஃபிரேமையும் உள்ள மறைச்சு வைக்கிற டேங்கையும் தாங்க இடமும் செலவும் கூட வேணும். எங்க 5க்கு 4ல அதுக்கு இடமில்ல.

கமோடு வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தீர்மானிச்சுக்கோங்க. ஆன்லைன்ல ஆஃபர்னு எஸ்-ட்ராப் வாங்கி வச்சிட்டு அப்புறம் சுவர்ல விட முடியலன்னா என்ன பண்ணுவீங்க? பெட்டியில பி-ட்ராப்பா எஸ்-ட்ராப்பான்னு எழுதியிருக்கும். எஸ்-ட்ராப்னா சுவர்ல இருந்து ஓட்டை எவ்வளவு தூரம்னும் பார்க்கணும், 4 இஞ்ச், 9 இஞ்ச், 12 இஞ்ச்னு வரும்.

வெளிச்சுவர்தானே, சுலபமா முடிஞ்சிருக்கும்னு நினைப்பீங்க. எங்க வெளிச்சுவர் வடகிழக்குல இருக்கு. ஈசானிய மூலை! அப்பாவோட நண்பர் ஒருத்தர் வந்து ஒரு மணி நேரம் பேசினார், வீடு விளங்காதுன்னார். அப்பா முகம் மாறிடுச்சு. மேஸ்திரி கலவை பூசிக்கிட்டே, தலை திரும்பாம சொன்னார்: "சார், வாஸ்து பார்த்தா வாட்டம் கிடைக்காது. வாட்டம் இல்லன்னா வீடு நாறும். எது வேணும்னு சொல்லுங்க." வாட்டம்னா சரிவு. கொத்தனார் வேலையில இதைவிடப் பெரிய வார்த்தை இல்ல. எனக்கு வாஸ்துல நம்பிக்கை இல்ல, ஆனா நம்புறவரோட வாயை அடைச்சு ஜெயிக்கிறதும் பிடிக்காது. கடைசியில முடிவு பண்ணினது ஆயாதான். "நான்தானே போகப் போறேன், எனக்கு என்ன விளங்கணும் இனிமே"ன்னாங்க. அப்பா சிரிச்சிட்டார். வேலை ஆரம்பிச்சுது.

ஓட்டை போடுறதுக்கு உளியும் சுத்தியலும் வேண்டாம்னு கோர் கட்டிங் மெஷின் ஆளைக் கூப்பிட்டோம். 9 இஞ்ச் செங்கல் சுவர், வட்டமா அறுத்து எடுத்துட்டார், பக்கத்து டைல்ஸ் அசையல. பீம், தூண் இருக்குற இடத்துல மட்டும் ஒருநாளும் ஓட்டை போட விடாதீங்க, எந்த மெஷினா இருந்தாலும்.

இந்த வேலைக்கு இடையில என் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பினான். கமோடுக்குப் பின்னாடி ஒரு வெள்ளை டப்பா. உள்ள பிளேடும் மோட்டாரும் இருக்கும், கழிவை அரைச்சு, ஒரு இஞ்ச் சொச்சம் பைப்புல பம்ப் பண்ணி மேல கூட ஏத்திடும். மேசரேட்டர்னு பேரு. பிரான்ஸ்ல 1950களோட கடைசியில வந்தது, இப்போ இந்தியாவுலயும் கிடைக்குது. பேஸ்மென்ட்ல, வாட்டமே கிடைக்காத இடத்துல இது வரப்பிரசாதம். மாடிக்கு எதுக்கு? புவியீர்ப்பு சும்மா கிடைக்கும்போது மோட்டார் எதுக்குங்கிறேன். மழை நாள்ல எங்க ஏரியாவுல கரென்ட் முதல்ல போகும். அதோட ஒரு துணி, ஒரு நாப்கின் உள்ள போனா பிளேடு நின்னுடும்.

சரி, சுவருக்கு வெளியே வந்தாச்சு. இனிமேதான் நிஜமான சிக்கல். இறங்கின இடத்துல இருந்து பின்பக்க டேங்க் வரைக்கும் சந்துல 22 அடி. 4 இஞ்ச் பைப்புக்கு 40க்கு 1 வாட்டம் வேணும்னு கணக்கு. அதாவது 10 அடிக்கு 3 இஞ்ச். 22 அடிக்கு ஆறரை இஞ்சுக்கு மேல. வாட்டம் குறைஞ்சா கழிவு நின்னுடும். ரொம்பக் கூடினாலும் சிக்கல்தான்னு அவர் சொன்னார், தண்ணி மட்டும் வேகமா ஓடிடும், மத்தது பின்தங்கி ஒட்டிக்கும். எங்க டேங்கோட வாய் தரையில இருந்து 15 இஞ்ச் ஆழத்துலதான் இருந்துச்சு. இந்தப் பக்கம் அரை அடி ஆழத்துல ஆரம்பிச்சா அந்தப் பக்கம் பன்னிரண்டரை இஞ்சுல முடியும். ரெண்டரை இஞ்ச் மிச்சம். அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம். டேங்க் இன்னும் 10 அடி தள்ளி இருந்தா இந்தத் திட்டமே கிடையாது. அந்த ரசமட்டக்காரர் முதல் நாளே பின்பக்கம் போனது இதுக்காகத்தான்.

அரை அடி ஆழத்துல போற பைப் மேல பைக் ஏறும், அதனால மேல கான்கிரீட் போட்டோம். கீழ திரும்புற இடத்துல ஒரே 90 டிகிரி எல்போ போடாம ரெண்டு 45 போட்டோம், பக்கத்துலயே ஒரு சேம்பர். அடைச்சா அங்கதான் அடைக்கும், அங்க திறக்க வழி வேணும். மேல் பக்கம் பைப்பை ஒட்ட வெட்டி மூடாம மொட்டை மாடிக்கு மேல வரைக்கும் ஏத்தி, உச்சியில கூண்டு மூடி. நான் சொன்னேனே, பிளஷ் காத்தை இழுக்கும்னு. அந்தக் காத்து வர்ற வழி இதுதான். ஜன்னலுக்குப் பக்கத்துல இதை முடிச்சா எல்லா நாத்தமும் பெட்ரூமுக்கு வரும்.

இன்னொண்ணு, கீழ் வீட்டு டாய்லெட் பைப்புலயே இடையில போய் சேர்த்துடலாம்னு ஒரு சுருக்கு வழி சொல்லுவாங்க. பைப் மிச்சம்தான். ஆனா எங்காவது அடைச்சுதுன்னா மேல பிளஷ் பண்றது கீழ் வீட்டு கமோடு வழியா வெளியே வரும். மழைக்காலத்துல எங்க பக்கம் நிலத்தடி நீர் ஏறி டேங்க் நிரம்பி நிக்கிறப்போ இது நடந்த வீடுகள் எங்க தெருவுலயே இருக்கு. மாடிக்காரனும் கீழ் வீட்டுக்காரனும் அதுக்கப்புறம் பேசிக்கிறதில்ல. நாங்க தனியா டேங்க் வாய் பக்கத்து சேம்பருக்குக் கொண்டு போனோம். டேங்கே நிரம்பினா அதுவும் காப்பாத்தாதுங்கிறது வேற விஷயம், அதுக்கு வர்றேன்.

வேலை முடிஞ்சதும் ரெண்டு பக்கெட் மஞ்சள் தண்ணி ஊத்திப் பார்த்தோம். சேம்பர்ல மஞ்சளா வந்துச்சு, சந்துல எங்கயும் மஞ்சள் கசியல. செலவைப் பத்திக் கேப்பீங்க. கமோடு விலை மொத்தத்துல சின்னப் பங்குதான். காசு போனது ஓட்டைக்கும், பைப்புக்கும், சந்தைத் தோண்டி மூடினதுக்கும். ஆயா முதல் ஒரு வாரம் நம்பாம கீழயே போனாங்க. அப்புறம் ஒருநாள் ராத்திரி 9 மணிக்கு மோர் கேட்டாங்க.

இப்போ அந்த ரெண்டாவது பிளம்பருக்கு வர்றேன், மழைத்தண்ணி கால்வாய்ல விடச் சொன்னவர். எங்க தெருவுக்கு பாதாள சாக்கடை இன்னும் வரல. ஆவடி 2019ல மாநகராட்சி ஆச்சு, குழாய் எல்லாத் தெருவுக்கும் வந்து சேரல. அந்த இடைவெளியில எல்லாரும் அவரவர் வழியைப் பார்த்துக்கிறாங்க. கால்வாய்ல விடுறது சுலபம், மலிவு, டேங்க் நிரம்பாது, லாரி கூப்பிட வேண்டாம். ஆனா மழைத்தண்ணி கால்வாய் எதுக்கு இருக்கு? மழைத்தண்ணியை ஏரி குளத்துக்குக் கொண்டு போக. எங்க பக்கத்துல கோவில்பதாகை ஏரி இருக்கு. வெள்ளம் வந்து அந்தக் கால்வாய் வழிஞ்சா அதே தண்ணி தெருவுல ஏறி வீட்டுக்குள்ள வரும். ஆயா கட்டிலை மேல ஏத்தினது அந்தத் தண்ணியால. அதுக்குள்ள நாமளே இதைக் கலந்து விடுறதா?

அப்போ டேங்குல விட்டா நாம சுத்தமான ஆளா? இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. செப்டிக் டேங்குக்கு ஐஎஸ் 2470னு ஒரு இந்தியத் தரநிலை இருக்கு. 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் பண்றதா இருந்தா 1.4 மீட்டர் தண்ணி ஆழம்னு கணக்கு கொடுத்திருக்கு. டேங்க்ல கனமானது அடியில தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேல மிதக்கும், நடுவுல இருக்குற தண்ணி மட்டும் வெளியே போய் மண்ணுல ஊறணும். அப்படி ஊற விடுற குழி குடிதண்ணிக் கிணத்துல இருந்து குறைஞ்சது 18 மீட்டர் தள்ளி இருக்கணும்னும் அதே தரநிலை சொல்லுது.

18 மீட்டர்னா 59 அடி. எங்க மனை 30க்கு 40. ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டாலே 50 அடிதான். அரை கிரவுண்டு மனையில வீடு கட்டின யாருமே இந்த விதியைக் காப்பாத்த முடியாது, ஆசைப்பட்டாலும். என் குழியில இருந்து என் போர் தள்ளி இருந்தா பக்கத்து வீட்டு போருக்குக் கிட்ட இருக்கும். நாங்க போர் தண்ணியைக் குடிக்கிறதில்ல, கேன் வாங்குறோம். பல் விளக்குறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் அதுலதான். இதுக்கு ஒரு வீட்டுக்காரரால முழுத் தீர்வு கொடுக்க முடியாது. பாதாள சாக்கடை வரணும், வந்தா இணைப்பு எடுக்கணும். அதுவரைக்கும் நம்ம கையில இருக்குறது டேங்கை நேரத்துக்குச் சுத்தம் பண்றது மட்டும்தான். அடியில சேறு ஏறிக்கிட்டே போனா நடுத்தண்ணிக்கு இடமில்லாம கழிவே நேரா குழிக்குப் போகும். குழி அடைச்சுக்கும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கணும்னு சொல்றது அதுக்காக. "எங்க டேங்க் 15 வருஷமா நிரம்பவே இல்ல"ன்னு பெருமையா சொல்லுவாங்க பாருங்க, அந்த டேங்குக்கு அடித்தளமே இருக்காது, எல்லாம் மண்ணுக்குள்ள போயிருக்கும்.

எங்க டேங்கை இந்த வேலையோட சுத்தம் பண்ணினோம். வந்த லாரிக்காரர் குழாய் போட்டு உறிஞ்சிட்டு, "அடியில கெட்டியா இருக்கு, ஒரு பையன் இறங்கிக் கிளறி விட்டா முழுசா எடுத்துடலாம், 10 நிமிஷம்"ன்னார். கூட வந்த பையனுக்கு 20 வயசு இருந்தா அதிகம். நான் வேண்டாம்னேன். அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி மாதிரிப் பார்த்தார்.

டேங்குக்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. "இப்போ நாத்தம் இல்ல, இறங்கலாம்"னு நினைக்கிற அந்த நேரம்தான் ஆள் சாகுறது. ஒருத்தர் மயங்கி விழ, காப்பாத்த இன்னொருத்தர் இறங்க, அவரும் போக, இந்தச் செய்தியை நீங்க எத்தனை தடவை படிச்சிருப்பீங்க. இப்படிச் சாகுறவங்க பெரும்பாலும் எந்தச் சாதிக்காரங்கன்னும் நமக்குத் தெரியும். மத்திய அரசு நாடாளுமன்றத்துல கொடுக்குற கணக்குல தமிழ்நாடு முன்வரிசையில இருக்குற மாநிலம்.

2013ல வந்த சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாம ஒருத்தரை செப்டிக் டேங்குல இறக்குறது குற்றம். அரசாங்கம், கம்பெனி மட்டும் இல்ல, எந்தத் தனிநபரா இருந்தாலும், நேராவோ மறைமுகமாவோ இறக்கினாலும் குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். "லாரிக்காரன்தான் இறக்கினான்"னு வீட்டு ஓனர் சும்மா கை கழுவிட முடியாது. இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்துச்சு.

கெட்டியா இருந்தா என்ன பண்றது? தண்ணியை வேகமா பீய்ச்சி அடிச்சு வெளியில நின்னே கரைச்சு எடுக்கலாம். லாரிக்காரர் முணுமுணுத்துக்கிட்டே அதைத்தான் பண்ணினார். கொஞ்சம் கூட நேரம் ஆச்சு, கொஞ்சம் கூட காசு வாங்கினார். அடியில கொஞ்சம் தங்கினாலும் தப்பில்ல, முழுசா வழிச்சு எடுக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. எங்க கொண்டு போய்க் கொட்டுறீங்கன்னும் கேளுங்க. லாரிக்கு உள்ளாட்சி உரிமம் வேணும், கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில இதுக்குன்னே 2017ல ஆரம்பிச்ச நிலையம் ஒண்ணு ஓடுது. ராத்திரியில ஏரிக்கரையில திறந்து விடுற லாரியும் ஓடுது. எது மலிவா வரும்னு உங்களுக்கே தெரியும்.

வாடகைக்கு இருக்குறவங்க இதெல்லாம் ஓனர் வேலைன்னு விட்டுடாதீங்க. வீடு பார்க்கப் போகும்போது டைல்ஸ், வைஃபை எல்லாம் பார்க்குறோம். மேல டாய்லெட் இருந்தா பைப் எங்க போகுது, டேங்க் எப்போ எடுத்தாங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டா ஓனர் முகத்துலயே பதில் தெரிஞ்சிடும். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, அப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

எங்க பின்பக்கச் சந்துக்கு இப்போ டைல்ஸ் போடப் போறார் அப்பா. டேங்க் மூடி மேலயும் ஒட்டிட்டா பார்க்க நல்லா இருக்கும்னு டைல்ஸ்காரர் சொல்லியிருக்கார். மூடியைச் சுத்தி விட்டுட்டு ஒட்டச் சொல்லி சாக்பீஸால கோடு போட்டு வச்சிருக்கேன். ரெண்டு மூடி, ஒரு சேம்பர், மொத்தம் மூணு சதுரம்.